நூற்றுக்கு நாற்பத்து நான்கு

புது மேனேஜர் வந்த மூன்றாம் நாளே சுண்ணாம்புக் காளவாயில் இரண்டு எடைமேடைகள் வந்து இறங்கின. ஒன்று கல் உள்ளே வரும் வாசலுக்கு, இன்னொன்று சுண்ணாம்பு வெளியே போகும் வாசலுக்கு. அதுவரை அங்கே எல்லாம் கூடைக் கணக்குதான். பத்துக் கூடைக் கல்லை மேலே கொண்டுபோய்க் கொட்டினால், மூன்று நாள் வெந்து, கீழ்வாய் வழியாக ஒன்பது கூடைக்குக் கொஞ்சம் மேலே சுண்ணாம்பு இறங்கும். உடைந்தது, தூளானது போக மீதி அப்படியே வந்துவிடுகிறது என்று பழைய முதலாளி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வேறு ஊரில் இருந்துகொண்டு இந்த மேனேஜரை அனுப்பினார்கள்.

மேனேஜர் அதற்கு முன்னால் இருபது வருடம் தானியக் கிடங்கில் இருந்தவர். நூறு மூட்டை உள்ளே போனால் நூறு மூட்டை வெளியே வர வேண்டும். ஒரு மூட்டை குறைந்தால் எலி, இரண்டு மூட்டை குறைந்தால் ஆள். இதுதான் அவர் படித்த படிப்பு. வந்த வாரமே அவருக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் மட்டும் அந்தக் காளவாய்க்காரர்களுக்குச் சோம்பலே கிடையாது.

முதல் வாரக் கணக்கு வந்தபோது மூட்டை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாராம். உள்ளே போன கல் பத்தாயிரம் கிலோ. வெளியே வந்த சுண்ணாம்பு ஐயாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. நாலு டன்னுக்கு மேல் காணோம். நாலு டன் என்றால் ஒரு லாரி. ராத்திரியானாலும் பகலானாலும் கீழ்வாய்க்குப் பொறுப்பு, காளவாய்த் தீயைப் பார்த்துக்கொள்ளும் தீக்காரர் ஒருவர்தான். கீழ்வாயின் சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தது. பிறகு வேறு யாரைத் தேட?

தீக்காரர் என்பவர் டீச்சரின் அக்கா வீட்டுக்காரர்.

டீச்சர் பக்கத்திலிருந்த உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். அப்பா அம்மா இருவரும் போன பிறகு அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்டவள், பதினேழு வருடமாக அங்கேயேதான் இருக்கிறாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சு நாலைந்து தடவை வந்து, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. காளவாய்க்காரர்கள் கொடுத்த இரண்டு அறை வீடு. ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குடம், புத்தக அலமாரி, எல்லாவற்றின் மேலும் தினமும் மெல்லிய வெள்ளைத் தூசி வந்து உட்காரும். துடைத்துத் துடைத்து அக்காவுக்கு இருமலே வந்துவிட்டது. டீச்சரும் காலையில் வீட்டுத் தூசியைத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போய்ச் சாக்பீஸ் தூசியில் நின்று, சாயங்காலம் மறுபடி வீட்டுத் தூசிக்குத் திரும்புகிறவள். நாற்பது வயதுக்குள்ளேயே அலுத்துப்போயிருந்தாள்.

காலை ஷிப்டு இருக்கும் நாட்களில் அத்தானை எழுப்புவது அவள் வேலை. அக்கா இருமி இருமி விடியும் நேரத்தில்தான் கண் அயர்வாள். டீச்சர் ஐந்து மணிக்கு எழுந்து, அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, கதவோரம் நின்று, "அத்தான், மணி அஞ்சு" என்பாள். அவர் "ம்" என்பார். இத்தனை வருடத்தில் இரண்டாவது தடவை அவள் கூப்பிட வேண்டி வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு எழுந்திருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு டீச்சர் காளவாய்க்குப் போனாள். வெயில் உச்சியில் இருந்தது. முற்றத்தில் ஆட்கள் அரைவட்டமாக நின்றார்கள். நடுவில் மேனேஜர், எதிரில் அத்தான். தலை, புருவம், மீசையெல்லாம் வெளுத்து, கண் மட்டும் சிவந்து நின்றார். அவர் இரண்டு கையிலும் இரண்டு கட்டிகள் இருந்தன. ஒன்று வேகாத பச்சைக்கல், இன்னொன்று சுட்ட சுண்ணாம்பு. இரண்டும் ஒரே அளவு. தூக்கிப் பாருங்கள் என்று அவற்றை மேனேஜரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"கல்லு வேகும்போது இளைக்கும் சார். பார்க்க அப்படியேதான் இருக்கும், கையில எடுத்தா லேசா இருக்கும். தீயில அதுக்குள்ள இருந்து என்னமோ கிளம்பிப் போயிருது. மேல்வாயில நின்னு குனிஞ்சு பார்த்தா மூச்சை அடைக்கும் சார், அதுதான் போகுது."

"இது வேற கல்லு, அது வேற கல்லு" என்றார் மேனேஜர். "நாலு டன் மூச்சு விட்டுட்டுப் போயிருச்சுன்னு நான் முதலாளிக்கு எழுதவா?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவன் அத்தானோடு பத்து வருடம் வேலை பார்த்தவன். வேலை போய்விடும் என்ற பயம் வந்துவிட்டால் சிரிப்பு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும்.

அப்போதுதான் மேனேஜர் டீச்சரைப் பார்த்தார். மனிதர் மரியாதை தெரிந்தவர். வாங்க என்று கூப்பிட்டு, நிழலில் நிற்கச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நீங்க சயின்ஸ் டீச்சராமே. நீங்களே சொல்லுங்க. ஒரு பொருளைச் சூடு பண்ணினா அதோட எடை காணாமப் போயிடுமா?"

அரைவட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. படித்தவள் என்று அத்தனை பேர் முன்னால் யாரும் அவளைக் கேட்டதில்லை. கேள்வி வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. வகுப்பில் வருடா வருடம் ஜூன் மாதம் சொல்லும் வாக்கியம், அதே குரலில், அதே நிறுத்தி நிறுத்திச் சொல்லும் தினுசில் வந்தது.

"பொருளோட நிறையை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

அத்தான் இரண்டு கட்டிகளையும் தரையில் வைத்தார். டீச்சர் கையிலிருந்து கேரியரை வாங்கிக்கொண்டார். "வெயில்ல ஏன் வந்த, போ" என்றார்.

அன்று சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. வீடு போவதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். சுண்ணாம்பு திருடினவர் என்ற பேரோடு சுற்றுவட்டாரத்தில் எந்தக் காளவாய் அவரைத் தீயருகே விடும்? அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. தீயின் நிறத்தைப் பார்த்துக் கல் எந்த வேக்காட்டில் இருக்கிறது என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

அதற்குப் பின் வந்த நாட்களில் வீட்டில் ஒரு சண்டையும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. அத்தான் காய் நறுக்கிக் கொடுத்தார், குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார், அக்காவுக்கு மருந்து ஊற்றிக் கொடுத்தார். மீதி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டீச்சரிடமும் எப்போதும்போலத்தான் பேசினார். ஒரே ஒரு மாற்றம். பழைய அலாரம் கடிகாரம் ஒன்று பெட்டியடியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்துச் சாவி கொடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். போவதற்கு வேலை இல்லாத மனிதர் ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, அது அடித்ததும் அமுக்கிவிட்டு, எழுந்து உட்கார்ந்தார்.

டீச்சர் அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். வெந்நீருக்கு எடுத்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நாட்களில் அவள் அவரை முழுக்க நம்பவும் இல்லை. நாலு டன்னை நினைத்தாள். வீட்டுச் சுவரைப் பார்த்தாள். இந்த வருடத்தில் இரண்டு தடவை வெள்ளையடித்திருந்தார். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க வாய் வரவில்லை, கேட்காமல் இருக்க மனம் விடவில்லை. உடைசலையும் தூளையும் ஆட்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது பழைய முதலாளி காலத்து வழக்கம். அது அவளுக்கும் தெரியும். சந்தேகம் வந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

அக்கா ஒருநாள் இருமலுக்கு நடுவில், "அவர் எடுத்திருப்பார்னு நினைக்கிறியாடி?" என்று கேட்டாள்.

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீ சொல்லலை" என்றாள் அக்கா. அதற்கு மேல் இருமல் விடவில்லை.

ஒன்பதாம் நாள் பள்ளியில் அரைப்பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மதிய வெயில். ஆசிரியர் அறை மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று அதற்கே தெரியவில்லை. நூற்றுப் பன்னிரண்டு தாளில் எழுபதாவது தாளோ என்னவோ. எழுபது தாளுக்குப் பிறகு கண் படிப்பதில்லை, கைதான் படிக்கும். ஏழாவது கேள்வி அவளே வைத்தது. வருடா வருடம் வைப்பது. ஐந்நூறு கிராம் தூய சுண்ணாம்புக்கல்லை நன்றாகச் சூடுபடுத்தினால் கிடைக்கும் கால்சியம் ஆக்சைடின் நிறை என்ன?

ஏதோ ஒரு பிள்ளை சமன்பாட்டை அழகாக எழுதியிருந்தது. அதன் கீழே இப்படி எழுதியிருந்தது: 'நிறையை ஆக்கவோ அழிக்கவோ முடியாது. எனவே விடை 500 கிராம்.'

டீச்சரின் சிவப்புப் பேனா கோடு போட்டது, பக்கத்தில் சுழி போட்டது, ஓரத்தில் எழுதியது: 'வாயுவை மறந்துவிட்டாய்.'

எழுதி முடித்த பிறகுதான் அவள் அதைப் படித்தாள்.

பேனாவை மூடக்கூடத் தோன்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜைக் கணக்கு டீச்சர், "என்ன, தலைவலியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஒரு வெற்றுத் தாளை எடுத்துப் போட்டாள். பதினோரு வருடமாகக் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை பழகிய கணக்கு. கால்சியம் நாற்பது, கார்பன் பன்னிரண்டு, ஆக்சிஜன் மூன்று பதினாறு நாற்பத்தெட்டு. கூட்டினால் ஒரு மோல் சுண்ணாம்புக்கல் நூறு கிராம். அது வெந்தால் ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பு, ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு. ஒன்றுக்கு ஒன்று. சுண்ணாம்பு ஐம்பத்தாறு கிராம், வாயு நாற்பத்து நான்கு கிராம். கிராமானால் என்ன, கிலோவானால் என்ன, விகிதம் மாறாது. பத்தாயிரம் கிலோ கல்லுக்கு ஐயாயிரத்து அறுநூறு கிலோ சுண்ணாம்பு. மீதி நாலாயிரத்து நானூறு கிலோ மேல்வாய் வழியாக வானத்துக்குப் போயிருக்கிறது.

அவள் வசிக்கும் வீட்டுக்கு இருநூறு அடி தள்ளி, தினமும், அவள் ஜன்னலில் தூசி துடைக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. அதைப் பாடப்புத்தகத்துக்குள்ளேயே வைத்து நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கியிருக்கிறாள். வெட்கம் அவளுக்குக் காது வரை ஏறியது.

பிறகு ஒரு பயம் வந்தது. ஐயாயிரத்து அறுநூறுதான் வர வேண்டும். ஆனால் வந்தது ஐயாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. நூற்றுத் தொண்ணூறு கிலோ எங்கிருந்து கூடியது? மேனேஜர் அதைத்தான் முதலில் பிடிப்பார். தாளைத் திருப்பினாள். கேள்வியில் தான் எழுதியிருந்த 'தூய' என்ற சொல் கண்ணில் பட்டது. காளவாய்க்கு வரும் கல் தூயது இல்லையே. மண்ணும் மணற்கல்லும் கலந்தது. அந்தக் கலப்பு வேகும், இளைக்காது.

மணி அடித்ததும் நேரே காளவாய் ஆபீசுக்குப் போனாள்.

மேனேஜர் தனியாக உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து எதையோ தின்றுகொண்டிருந்தார். அவரும் அலுத்துப்போன மனிதர்தான். குடும்பத்தை விட்டுவிட்டு வந்து, ஆபீசுக்குப் பின்னால் ஒரு கட்டிலில் படுத்துக்கிடக்கிறவர். அவள் தாளை மேஜையில் விரித்துச் சொல்லச் சொல்ல, மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கல் வரும் குவாரிச் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சுண்ணாம்புக்கல், மீதி அழுக்கு என்று அதில் அச்சடித்திருந்தது. தொண்ணூற்றைந்து பங்கு கல்லிலிருந்து ஐம்பத்து மூன்றே கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுண்ணாம்பு. இளைக்காத அழுக்கு ஐந்து பங்கு. ஆக நூற்றுக்கு ஐம்பத்தெட்டும் கொஞ்சமும். பத்தாயிரத்துக்கு ஐயாயிரத்து எண்ணூற்று இருபது கிலோ.

"வந்தது எழுநூற்றுத் தொண்ணூறு. இன்னும் முப்பது கிலோ குறையுதே" என்றார் மேனேஜர். கிடங்குக்காரர், விடுவாரா.

"அது எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு சார். எங்க அக்கா நெஞ்சுல இருக்கு. உங்க சட்டையைத் தட்டிப் பாருங்க, அதுலயும் கொஞ்சம் இருக்கும்."

அவர் தன் தோளைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு நீங்களே சொன்னீங்களே டீச்சர், நிறை அழியாதுன்னு. நான் அதை அப்படியே முதலாளிக்கு எழுதிட்டேன்."

"அழியலை சார். கல்லோட எடையும், சுண்ணாம்பு, காத்து ரெண்டோட எடையும் சமம்தான். நான் காத்தை விட்டுட்டேன். பாதியைச் சொல்லிட்டு நிறுத்திட்டேன்." அதைச் சொல்லும்போது அவள் குரல் வகுப்புக் குரலாக இல்லை.

தாளில் எழுதினதை முதலாளி நம்பமாட்டார், நானும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் மேனேஜர். அது நியாயம்தான் என்றாள் அவள். அத்தான் அன்று நீட்டிய இரண்டு கட்டிகள் நினைவுக்கு வந்தன. வேறு கல் என்று சொல்ல முடியாதபடி ஒரே கல்லாக இருக்க வேண்டும். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து எடை போட்டார்கள். சரியாக ஐந்து கிலோ. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கல்லை வைத்து, பிள்ளைகள் உள்ளங்கையை வைத்து வரைவதுபோல, டீச்சர் அதைச் சுற்றிப் பென்சில் கோடு இழுத்தாள். மேனேஜர் அதன் மேல் கையெழுத்துப் போட்டார். கல்லை இரும்புக் கம்பியால் சுற்றிக் கட்டி, மாற்றுத் தீக்காரன் முன்னால் மேல்வாயில் அவரே போட்டார். குனிந்து பார்த்தவர் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி, அது நடக்காமல் போனால் இன்னொரு தடவை அந்த மனிதரை நிற்க வைத்தது போலாகிவிடும். மூன்று நாளும் அலாரம் அடித்தது.

கல் பன்னிரண்டாம் நாள் இறங்கியது. ஆறிய பிறகு மேனேஜர் ஆள் அனுப்பினார். அவள் போனபோது காலண்டர் தாள் மேஜையில் விரிந்து கிடந்தது, கட்டி அதன் மேல் இருந்தது. வெளுத்திருந்தது. மற்றபடி பென்சில் கோட்டுக்குள் அச்சாக அடங்கி உட்கார்ந்திருந்தது. வியர்வைக் கையோடு அதைத் தொடப் போன மேனேஜரை, "கையைத் துடைச்சுக்குங்க சார், ஈரம் பட்டாச் சுட்டுரும்" என்று மாற்றுத் தீக்காரன் தடுத்தான். அவர் துடைத்துக்கொண்டு எடுத்தார். எடுத்த வேகத்தில் கை மேலே போய்விட்டது. அத்தனை லேசாக இருக்கும் என்று அவர் கை எதிர்பார்க்கவில்லை.

இரண்டு கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.

"இதைத்தானே அந்த ஆள் ரெண்டு கையிலயும் வெச்சுக்கிட்டு நின்னார்" என்றார் மேனேஜர், யாரிடமும் இல்லாமல்.

எல்லோரையும் கூப்பிட்டு முற்றத்தில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் கேட்டாள். பார்க்கலாம் என்றார். முற்றத்தில் யாரையும் கூப்பிடவில்லை. சாவியையும், வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்ற ஒரு தாளையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார். போகும்போது பார்த்தாள். அறிவிப்புப் பலகையில் புதுச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: 'இனி நூறு கிலோ கல்லுக்கு ஐம்பத்தெட்டு கிலோ சுண்ணாம்பு வர வேண்டும். குறைந்தால் தீக்காரர் பதில் சொல்ல வேண்டும்.' அவள் போட்டுக் கொடுத்த கணக்கைக்கொண்டே அத்தான் கழுத்துக்கு ஒரு சுருக்குக் கயிறு செய்துவிட்டார்கள். அந்தச் சீட்டைக் கிழித்துப்போடக் கை வந்தது. கிழிக்கவில்லை. அன்றைக்கு அவளிடம் அவ்வளவு தெம்பு இல்லை.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் சாய்ந்திருந்தாள். டீச்சர் சாவியைத் தட்டுக்கு அருகில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பரீட்சைத் தாள், நூறு, ஐம்பத்தாறு, நாற்பத்து நான்கு, பென்சில் கோடு. அக்கா அழுதாள். சாவியை எடுத்து முந்தானையில் துடைத்தாள், அதில் தூசி இல்லாவிட்டாலும்.

அத்தான் கையில் எடுத்த கவளத்தை வாயில் வைத்து, மென்று, விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"இந்தக் கணக்கை எத்தனை வருஷமா நடத்துற?"

"பதினோரு வருஷமா, அத்தான்."

"ம்."

"நீங்க அன்னிக்கு இதைத்தான் சொன்னீங்க. என்னமோ கிளம்பிப் போகுதுன்னு. எனக்கு அதோட பேரே தெரியும், எடை தெரியும். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு..." சுவர்ப் பக்கம் பார்த்தாள். "நான் சந்தேகப்பட்டேன் அத்தான். சுவரைப் பார்த்துக்கூடச் சந்தேகப்பட்டேன்."

"தெரியும்" என்றார். "நீ சுவரைப் பார்த்தப்ப நானும் அதைத்தானே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

தட்டில் இருந்ததைக் கையால் கூட்டி ஒதுக்கினார். பிறகு, அவர் சம்பந்தமே இல்லாத எதையோ விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"ஐந்நூறுன்னு எழுதின பிள்ளைக்கு எத்தனை மார்க் போட்ட?"

"சைபர்."

"கொஞ்சம் போட்டுக் குடு."

"அது எழுதினது தப்பு அத்தான்."

"தப்புதான். ஆனா அந்தப் பிள்ளை தப்பா எழுதினதால யாருக்கும் வேலை போகலையே."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். எழுந்து கை கழுவப் போனார். டீச்சர் பையைத் திறந்து தாள்கட்டை எடுத்து, அந்தத் தாளைத் தேடிப் பிடித்தாள். சுழியை அடித்தாள். சமன்பாட்டுக்கு ஒன்று போட்டாள். 'வாயுவை மறந்துவிட்டாய்' என்ற வரியையும் அடித்துவிடலாமா என்று பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள்.

அத்தான் பாயை உதறிப் போட்டார். தலைமாட்டிலிருந்த கடிகாரத்தை எடுத்துச் சாவியை இரண்டு திருகு திருகினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாவது திருகுக்குப் போன கை நின்றது. கடிகாரத்தைப் பெட்டி மேல் குப்புற வைத்தார்.

"காலைல ஷிப்டு" என்றார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு. "அஞ்சுக்குக் கூப்பிடு."

"கூப்பிடறேன் அத்தான்."

"ம்" என்றார்.